பண்டாரவளை கராஜ் கதவுகளைப் பார்த்து வரும் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில் மாலை நடை போகிறீர்கள், வழியில் தென்படும் வீட்டு கராஜ் கதவுகள் சிரிப்பை வரவழைக்கின்றன, ஃபோனில் படம் பிடித்துச் சேர்க்கிறீர்கள். கூட இருப்பவர்கள் "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார்கள். அந்தக் கதவுகளில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா, எல்லாம் உங்கள் மனதில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த வேடிக்கையை யாராவது வேண்டுமென்றே வைத்தார்களா, தானாக வந்து சேர்ந்ததா? ஹட்டன் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டும் கராஜ் கதவும் செய்தே பல வருடங்களை ஓட்டியவன் நான். அதனால் இரும்பைப் பற்றி உறுதியாகப் பேசலாம். மரவேலை பக்கத்துப் பட்டறை பாஸ்மாரிடம், அதாவது மேஸ்திரிமாரிடம், பார்த்தும் கேட்டும் அறிந்தது. வேண்டுமென்றே வைத்த வேடிக்கை மிகக் குறைவு. மற்றதெல்லாம் சரிவு, மழை, மிச்சத் தகரம், கையிலிருந்த காசு ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை. காரணம் தெரிந்தால் சிரிப்பு போய்விடும் என்று சிலர் நினைப்பார்கள். என் அனுபவத்தில் காரணம் தெரிந்த பிறகுதான் நன்றாகச் சிரிப்பு வருகிறது.

முதலில் சரிவு. நம் ஊரில் ரோட்டின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் வீடு கட்டினால் ரோட்டு மட்டத்தில் கராஜ் வரும், வீடு அதற்குக் கீழே இறங்கிப் போகும். வாகனம் மேல் மாடியில் சுகமாக இருக்கும், ஆட்கள் படியிறங்கிக் கீழே குடியிருப்பார்கள். மேட்டுப் பக்கமென்றால் மண்ணை வெட்டி உள்ளே குடைந்து கராஜ் கட்டுவார்கள், அதன் கூரையே வீட்டு முற்றமாகிவிடும். காருக்கு மேலே லீக்ஸும் கறிவேப்பிலையும் வளரும். வெளியூர்க்காரர் ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு கதவு மட்டும்தான் தெரியும், வீடு எங்கே என்று தேட வேண்டும். மலைக்குள் நேராகப் போகும் கதவு என்று நீங்கள் எழுதியிருந்தது இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, சரிவான தரையில் திறக்கும் கதவு. ரோட்டுப் பக்கம் திறந்தால் போகிற பஸ்ஸில் இடிக்கும். உள்பக்கம் திறக்கலாமென்றால் ஏறுகிற தரையில் தட்டும். அதனால் கதவின் அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டுவார்கள். மூடியிருக்கும்போது ஒரு மூலையில் பூனை, கோழி, சில வீடுகளில் சின்னப் பிள்ளைகூட நுழைகிற அளவு முக்கோண இடைவெளி விழும். அப்படி வெட்டப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மேல் பிணைச்சலையும் (கீலையும்) கீழ்ப் பிணைச்சலையும் தூக்குக்குண்டுக்கு நேராக வைக்காமல், அச்சைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினால், திறக்கத் திறக்கக் கதவின் நுனி உயர்ந்துகொண்டே போகும். கணக்குச் சரியாக வந்தால் தரையைத் தொடவே தொடாது. ஆனால் உயர்ந்த கதவு கீழே வரத்தானே பார்க்கும்? கையை விட்ட நொடியில் அது தானாக மூடிக்கொள்ளும். வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது பாதியில் வந்து பம்பரில் ஒரு தட்டுத் தட்டும். அதனால்தான் அந்த மாதிரிக் கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு முட்டுப் பொருள் கிடக்கும்: செத்துப்போன பெட்டரி, உடைந்த அம்மி, சிமெந்து ஊற்றி நிரப்பிய பெயின்ட் வாளி. கதவைப் படம் எடுக்கும்போது அந்த முட்டுப் பொருளையும் சேர்த்து எடுங்கள். கதவு பாஸ் செய்தது, முட்டு வீட்டுக்காரரின் சொந்தத் தேர்வு.

மழையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இதில் வித்தியாசம் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊவா மாகாணத்தில் அந்த மாதங்களில் காய்ந்த காற்று அடிக்கும், உங்களுக்குப் பெருமழை வருட முடிவில்தான். மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது, குறுக்கே மட்டும் ஊதும். பல பலகைகளைப் பக்கம் பக்கமாக அடித்த கராஜ் கதவு மழைக் காலத்தில் அகலமாகி நிலையில் இறுகிக்கொள்ளும். வீட்டுக்காரர் பொறுமையிழந்து ஒரு பாஸைக் கூப்பிட்டு ஓரத்தைச் சீவச் சொல்வார். அந்த நேரம் கதவு அழகாக மூடும். வெயில் காலம் வந்ததும் பலகை சுருங்கி நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழும், அதன் வழியாக நாயின் மூக்கு வெளியே வரும். அதை அடைக்க ஒரு சட்டம் அடிப்பார்கள். மறு மழைக்குக் கதவு மறுபடி இறுகும். ஒரே கதவில் சீவிய ஓரமும் ஒட்டிய சட்டமும் மாறி மாறி இருப்பதைப் பார்த்தால், அந்த வீட்டில் எத்தனை மழைக் காலம் சண்டை நடந்திருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு (கிரெவிலியா) மரத்தின் பலகையை நன்றாகக் காயவிடாமல் அடித்திருந்தால் இந்தக் கூத்து இன்னும் மோசம்.

இரும்பு வேறு விதமாக அழும். துத்தநாகம் பூசிய தகரம் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுவதுதான். நாங்கள் வெல்டிங் வைக்கிற இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போகும். அங்கே துரு தடுக்கும் அடிப்பூச்சைச் சரியாகப் பூசாவிட்டால் துரு அங்கேதான் முதலில் கிளம்பும், மழைத் தண்ணீரோடு கீழே கோடு போடும். கதவின் மேல்பகுதியில் காற்றுக்காக இரண்டு வட்டத் துளை வைத்திருந்தால், இரண்டு வருடத்தில் அந்தத் துளைகளுக்குக் கீழே சிவப்புக் கண்ணீர். நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் அழுகிற கதவு இந்த ஜாதி. வீட்டில் ஒரு துக்கமும் இல்லை, அடிப்பூச்சில் கஞ்சத்தனம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சூரியனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: எந்தக் கேட்டைப் பார்த்தாலும் ஏன் கதிர் விரிக்கும் சூரியன்? மங்கலம், விடியல், நல்ல சகுனம் என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. பட்டறையில் இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பிணைச்சல் உள்ள செவ்வகக் கதவு, மறுபக்கம் தொங்கிப் போகும். அதைத் தடுக்க மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். மரக் கதவென்றால் அது கீழ்ப் பிணைச்சல் மூலையில் தொடங்கி எதிர் மேல்மூலைக்கு ஏற வேண்டும். வெல்டிங் செய்த இரும்பு எந்தப் பக்கமானாலும் தாங்கும். ஒரே ஒரு குறுக்குச் சட்டம் போட்டால் மாட்டுத் தொழுவக் கதவு மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அதே சட்டத்தோடு இன்னும் ஏழெட்டை ஒரு மூலையிலிருந்து விரித்துவிட்டால் சூரியன். காசும் கூடக் கேட்கலாம். இரண்டாவது காரணம் மிச்சத் துண்டு. பொக்ஸ் பார் என்கிற சதுர இரும்புக் குழாய் 20 அடி நீளத்தில் வருகிறது. சட்டகத்துக்கு வெட்டியது போக வெவ்வேறு நீளத்தில் துண்டுகள் மிஞ்சும். மயில், அன்னம், தாமரை எல்லாவற்றுக்கும் கம்பி வளைக்க வேண்டும். சூரியனுக்கு நேர்த் துண்டு போதும், ஒவ்வொன்றும் வேறு நீளத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சில கேட்டுகளில் கடைசி இரண்டு கதிர் மட்டும் உருண்டைப் பைப்பாக இருக்கும். துண்டு தீர்ந்துபோன இடம் அது. இரண்டு இலைக் கதவில் பாதிப் பாதியாகச் சூரியன் வைத்த வீட்டில், மோட்டர் சைக்கிள் போவதற்காக ஒரு இலையை மட்டும் திறந்தால் அரைச் சூரியன் உள்ளே போய்விடும்.

அளவு விஷயத்திலும் நல்ல வேடிக்கை இருக்கிறது. பழைய டவுன் வீடுகளிலும் தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளிலும் கராஜ் கட்டிய காலத்தில் ஓடியவை மொரிஸ் மைனர், ஒஸ்டின் வகைகள். மொரிஸ் மைனரின் அகலம் 1.55 மீட்டர், நீளம் 3.76 மீட்டர். இன்று அதே வீட்டுப் பிள்ளை வாங்கி நிறுத்துவது ஹைஏஸ் வான். சாதாரண வகையே 1.69 மீட்டர் அகலம், நீளம் 4.7 மீட்டரை ஒட்டி வரும். அகலத்தை எப்படியோ சமாளித்து, கண்ணாடியை மடித்து உள்ளே விட்டுவிடலாம். நீளம் விடாது. அப்போது எங்களிடம் வருவார்கள்: "பாஸ், கதவ கொஞ்சம் முன்னால தள்ளிப் போட ஏலுமா?" முன்னால் கான் (வடிகால்) ஓடுகிறது, அதற்கு அப்பால் ரோட்டு. கடைசியில் கதவின் நடுவில் பம்பருக்கு மட்டும் ஒரு பெட்டி வைத்துக் கொடுப்போம். மூடிய பிறகு கதவுக்குத் தொப்பை விழுந்திருக்கும். அதற்கும் இடமில்லாதவர்கள் கதவைக் கழற்றிவிட்டு வானின் பின்பக்கத்தையே கதவாக வைத்துக்கொள்வதும் உண்டு.

ரோலர் டோர் எங்கள் பட்டறைக்குப் பிந்தி வந்த சரக்கு. அமெரிக்காவில் சி. ஜி. ஜோன்சன் என்பவர் மேலே தூக்கித் திறக்கும் கராஜ் கதவை 1921இலும், அதற்கு மின்சாரத் திறப்பியை 1926இலும் கொண்டுவந்தார். நம்மூரில் அதிகம் பரவிய, நெளி தகரத்தை ஒரே சுருளாகச் சுற்றும் வகை 1956இல் சிட்னியில் தொடங்கியது. இரண்டும் மலைச் சரிவை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சுருளுக்குத் திறப்பின் மேலே ஏறக்குறைய ஒன்றரை அடி இடம் வேண்டும். கொங்கிரீட்டைத் தாழ்வாக ஊற்றிவிட்ட வீட்டில் அந்த இடம் உள்ளே கிடைக்காது, சுருளை வெளியில் மாட்டுவார்கள், கதவு தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கும். டவுன் கடைகளில் இருக்கும் பட்டைப் பட்டையான ஷட்டரில் வேறு வேடிக்கை. அதன் பட்டைகள் ஒன்றோடொன்று கொளுவி இருக்கும், பக்கவாட்டில் உருவித்தான் கழற்ற வேண்டும். லொறி இடித்து நெளிந்த பட்டைகளை மாற்றித் திரும்பக் கோர்க்கும்போது பழைய வரிசையை யார் பார்க்கிறார்கள்? அதில் டெலிஃபோன் கம்பெனி விளம்பரம் வரைந்திருந்தால், சிரிக்கிற பெண்ணின் நாடி நெற்றிக்குப் போய்விடும். அந்தக் கடை வாடகைக்கு விடப்பட்டு ஆட்டோ நிறுத்தும் இடமானதும் அந்த முகமும் கராஜ் கதவாகிவிடும். மோட்டர் வைத்த ரோலர் டோர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, கையால் திறக்கும் விடுவிப்புச் சங்கிலி தங்கள் கதவில் எங்கே இருக்கிறது என்பதையே பலர் அப்போதுதான் தேடினார்கள். பெற்றோலும் இல்லாத நாட்கள் என்பதால் அவசரமும் இருக்கவில்லை.

கராஜுக்குள் வாகனம்தான் இருக்கும் என்று நினைப்பவர் மலைநாட்டுக்குப் புதியவர். விறகு, உர மூட்டை, டியூஷன் வாங்குகள், கேரம் போர்ட் எல்லாம் அங்கேதான். உங்கள் பக்கம், வெலிமடை வரைக்கும், மேல்பாதியில் பலகையைக் கழற்றிக் கம்பி வலை அடித்த கராஜ் கதவுகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் சிலவற்றுக்குள் விதை உருளைக்கிழங்கு இருக்கும். முழு இருட்டில் வைத்தால் முளை வெளிறி நீளமாக ஓடிப் பலவீனமாகிவிடும். பரவலான வெளிச்சமும் காற்றும் பட்டால் குட்டையான, தடித்த முளை வரும். கதவு கிழங்குக்காக ஜன்னலாகியிருக்கிறது. ஆட்டோ வெளியில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு நனையும்.

சரிவில் கட்டிய வீட்டில் சமதரை என்று சொல்லக்கூடிய ஒரே இடம் கராஜின் முன்வாசல்தான். தைப்பொங்கல் பானை அங்கே ஏறும், கோலம் அங்கே விழும், பிற்பகலில் அதன் மேல் டயர் ஏறி இறங்கும். ஆயுத பூசைக்கு வாகனத்தோடு சேர்த்துக் கதவுக்கும் திருநீற்றுப் பட்டையும் குங்குமப் பொட்டும் கிடைக்கும். ரோலர் டோரின் நெளிவுகளுக்கு மேல் மூன்று விரலால் பட்டை இழுத்தால் அது புள்ளி புள்ளியாக வந்து விழும், பார்க்க நன்றாக இருக்கும். மற்ற நாட்களில் அதே கதவில் கரியால் மூன்று ஸ்டம்ப். பந்து தகரத்தில் பட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்கும் என்பதால் அவுட்டா இல்லையா என்ற சண்டைக்கு இடமில்லை. தூங்குகிற தாத்தாவோடு வருவதுதான் சண்டை.

அறிவிப்புப் பலகைகளை நீங்களே கவனித்திருப்பீர்கள், நான் நீட்டவில்லை. "கதவுக்கு முன் வாகனம் நிறுத்த வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்துகளை ஓரத்தில் செங்குத்தாக இறக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் தினமும் வாகனம் நிறுத்துகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே.

கதவில் முகம் தெரிவதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கண்டால் மனித மூளை முகமாக்கிக்கொள்ளும் என்பது நிச்சயம், அது உங்கள் தனிக் கோளாறு அல்ல. செய்தவர் முகத்தை நினைத்துத்தான் செய்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் அதிகம். விளக்கு இரண்டு பக்கமும் வருவது வயர் போகிற வழியால், கடிதத் துவாரம் நடுவில் வருவது தபால்காரரின் கை எட்டும் உயரத்தால். நிறங்களும் அப்படித்தான். கோயில் வேலையில் மிஞ்சிய நீலம், தோட்டத்துக் கட்டடங்களுக்கு வந்த பச்சையில் மிச்சம் என்று பலவற்றுக்கு என்னால் காரணம் காட்ட முடியும். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஊதா நிறத்தைச் சிலர் பிடித்துத்தான் அடிக்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கேமராவைச் சற்றுத் தாழ்த்தச் சொல்வேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன் ஓரங்களில் ஆட்டோவுக்கு அடித்திருக்கும் தடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். தார் பீப்பாயை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகரம், பீப்பாயில் அழுத்திய எழுத்து தலைகீழாக, மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அது பறக்காமல் பழைய டயர். பார்க்க வேடிக்கைதான், செய்தவரின் கெட்டித்தனத்தை நானே ரசித்திருக்கிறேன். ஆனால் அது தற்காலிகமாக இருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. 10 அடிக்கு 12 அடி அறையான காம்பராவும் அதைச் சுற்றிய நிலமும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. தோட்டம் முன்பு அரசாங்கத்தின் கையில் இருந்தது, 1992இலிருந்து பிராந்தியக் கம்பெனிகளின் கையில். கல் வைத்துக் கட்ட அனுமதி வேண்டும். கழற்றக்கூடியதாக இருந்தால்தான் அங்கே நிற்கும் என்று தெரிந்து அடித்த கதவு அது. அதைப் பார்த்து நானும் நீங்களும் சிரிப்பதற்கும், அந்த வீட்டுக்காரர் தன் நண்பர்களோடு சிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அதே ஆட்கள் 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்துப் போன இடங்களில் வேறொன்றைப் பார்க்கலாம். வீட்டுப் பூச்சு முடிந்திருக்காது, ஜன்னலுக்குக் கண்ணாடி வந்திருக்காது, முன்னால் கேட் நிற்கும். சூரியன் வைத்த கேட். வாகனமே இல்லாத வீட்டுக்குப் பத்தடி அகலத்தில் கதவு கேட்டு வந்தவர்கள் உண்டு. "இப்ப இல்ல பாஸ், பெறகு வாங்கினா கதவ ஒடைக்கவா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? செய்து கொடுத்தோம். இப்போதைக்கு அதன் வழியாக ஒரு சைக்கிளும் ஒரு பசுவும் போய் வருகின்றன. மலைநாட்டில் எனக்கு அதிகம் பிடித்த கராஜ் கதவுகள் இவைதான். இதற்கு மட்டும் தொழில் காரணம் எதுவும் கேட்காதீர்கள்.

கடைசியாக, அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்றீர்கள். ரோட்டிலிருந்து மூடிய கதவை எடுத்தால் யாரும் பெரிதாகக் கோபிக்க மாட்டார்கள். ஆனால் வாகன நம்பர், வீட்டு இலக்கம், சிசிடிவி இருக்கும் மூலை, பிள்ளைகளின் முகம் ஆகியவற்றைப் போடாதீர்கள். பொலிஸ், இராணுவக் கட்டடங்களின் வாசலைத் தொடவே வேண்டாம், தியத்தலாவைப் பக்கம் போனால் இதை நினைவில் வையுங்கள். கதவு திறந்திருந்தால் கேளுங்கள். "அண்ணே, இந்தக் கேட்ட யார் செஞ்சது?" என்று தொடங்கினால் போதும். பாதிப் பேர் பாஸின் பெயரைச் சொல்வார்கள். மீதிப் பேர் பாஸ் செய்த தப்பைக் காட்டுவார்கள், அதோடு தேத்தண்ணியும் வரும். வெளிச்சத்துக்கு நடுப்பகல் வேண்டாம். பனிமூட்டமும் தூறலும் இருக்கும் காலைதான் நல்லது, ஈரத்தில் பழைய பெயின்ட் புதிதாகத் தெரியும். குடை பிடிக்க இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாய் இருக்கும் வீடுகளில் அவரை முன்னால் விடலாம்.